அட்லாண்டிக் ஓட்டம் தளர்ந்தால் வைகைத் தண்ணீர் என்ன ஆகும்?

தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கத்தில் ராமநாதபுரம் மாவட்டத்துக்குத் திட்டம் எழுதுகிற அலுவலர்களுக்கு,

வணக்கம். மண்டபம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே வலை விடுவதற்கு முன்னால் நீவாடு (கடல் நீரோட்டம்) எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்ப்பார்கள். அது நாளுக்கு நாள் மாறுகிற சமாச்சாரம். நான் கேட்க வந்தது அதைவிடப் பல மடங்கு பெரிய ஓட்டத்தைப் பற்றி.

அட்லாண்டிக்கில் வெதுவெதுப்பான உப்புநீர் மேலாகவே வடக்கே போய், கிரீன்லாந்து, ஐஸ்லாந்து பக்கம் குளிர்ந்து கனத்து, ஆழத்தில் இறங்கித் தெற்கே திரும்புகிறது. கிரீன்லாந்துப் பனி உருகி நல்ல தண்ணீர் கலக்கக் கலக்க உப்பு குறைகிறது, கனம் குறைகிறது, இறங்குவது மட்டுப்படுகிறது. இந்த நூற்றாண்டில் இந்த ஓட்டம் பலவீனமாவது பெரும்பாலும் உறுதி என்று ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி 2021-இல் சொன்னது. 2100-க்குள் திடீரென நின்றுவிடாது என்பதில் மட்டும் 'நடுத்தர நம்பிக்கை' என்று எழுதினார்கள். (நடுத்தர நம்பிக்கையை வைத்து எங்கள் ஊரில் யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள்.) 2024 அக்டோபரில் 44 விஞ்ஞானிகள், இந்த ஆபத்தை ரொம்பவே குறைத்து மதிப்பிட்டுவிட்டோம் என்று வட ஐரோப்பாவின் நார்டிக் நாடுகளின் அமைச்சர்களுக்கு மடல் எழுதினார்கள், மறு ஆண்டே ஐஸ்லாந்து இதைத் தேசப் பாதுகாப்புப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டது.

சரி, வெதுவெதுப்பான தண்ணீர் வருவது குறைந்தால் அவர்களுக்குக் கவலை குளிர். நமக்கு மழை. அந்த ஓட்டம் நின்றால் வெப்பமண்டல மழைப்பட்டை தெற்கே நகரும், தென்மேற்குப் பருவமழை வலுவிழக்கும் என்று கணினி மாதிரிகள் காட்டுகின்றன. சுமார் 12,900 ஆண்டுகளுக்கு முன் வட அட்லாண்டிக் சட்டென்று குளிர்ந்தபோது ஆசியப் பருவமழை மெலிந்ததற்குச் சீனக் குகைப் படிவுகளில் தடயம் இருக்கிறது.

ராமநாதபுரத்துக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதானே, தென்மேற்கு எப்படிப் போனால் என்ன என்று கேட்பீர்கள். ஆனால் மேற்கு மலையில் பெய்கிற மழைதான் முல்லைப்பெரியாறு அணையில் தேங்கி, சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பி, வைகையோடு சேர்ந்து, தேனி, மதுரை, சிவகங்கை எல்லாம் எடுத்தது போக, மிச்சமிருந்தால் எங்கள் பெரிய கண்மாய்க்கு வருகிறது. கடைமடைக்காரன் நாங்கள், மேலே ஒரு பங்கு குறைந்தால் முதலில் காய்வது இங்கேதான். ஐப்பசி, கார்த்திகை மழையைத் தேக்கிச் சமாளிக்கலாம் என்றால், 2024 நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அதில் எவ்வளவைத் தேக்கினோம்? அநேகமாக எல்லாம் கடலுக்குத்தான் போனது.

மெதுமெதுவாகச் சூடாகும், மெதுமெதுவாகக் கடல் ஏறும் என்ற கணக்கோடு, பத்து இருபது ஆண்டுக்குள் தென்மேற்கு மழை சட்டென்று தளர்ந்தால் என்ன செய்வது என்ற கணக்கும் திட்டத்தில் வேண்டும். ஏற்கெனவே இருந்தால் காட்டுங்கள். இல்லையென்றால் எந்தக் கண்மாய், எந்த ஊருணி, எந்த வரத்துக்கால் முதலில் என்று ஊர்ப் பெயரோடு எழுதி, மீனவர் குறைதீர் கூட்டத்திலும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் தமிழிலேயே வையுங்கள். அப்புறம் நாங்கள் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்ல நீர்வளத்துறையிலிருந்தும் ஒருவரை உட்கார வையுங்கள்.