பின்னிணைப்புக்கு அனுப்பாதீர்கள், தங்கச்சி

அன்புள்ள தங்கச்சி,

வெள்ளவத்தையில் சந்தித்தபோது தந்த உங்கள் ஆய்வேட்டின் அத்தியாயத்தை ஆறுதலாக வாசித்தேன். வாகரைக் களப்பில் எந்தக் காலத்தில் எங்கே வலை போடக்கூடாது என்று கரையோர வேடரான உங்கள் அம்மம்மா சொல்கிற பக்கங்கள்தான் அதன் உயிர். அவை வெறும் தரவு, பின்னிணைப்பில் போடு, கோட்பாட்டை வேறெங்காவது எடு என்று கம்பஸில் சொன்னார்களாம். தயவுசெய்து நகர்த்தாதீர்கள்.

இலங்கையின் பழங்குடிகளான வேடரைப் பற்றி வெளியார் நிறையவே எழுதிவிட்டார்கள். மானிடவியலாளர்களான செலிக்மன் தம்பதி எழுதி 1911இல் வந்த நூலில் கரையோர வேடரும் வருகிறார்கள். ஆனால் கேள்வி வெளியிலிருந்து வந்தவர்களுடையது, பதில் மட்டும் உங்கள் ஆட்களுடையது. யார் கேட்கிறார், யாருக்காகக் கேட்கிறார் என்பதை வைத்தே ஆய்வை எடைபோட வேண்டும் என்று நியூசிலாந்தின் பழங்குடியான மாவோரி அறிஞர் லிண்டா துஹிவாய் ஸ்மித் 1999இலேயே ஒரு முழு நூலாக வாதிட்டுவிட்டார்.

கேள்வி மாறினால் விடையும் மாறும். அமெரிக்காவில் பொட்டவாட்டமி பழங்குடி இனத்துத் தாவரவியலாளர் ராபின் வால் கிம்மரரின் மாணவி ஒருவர் சுவீட்கிராஸ் என்ற வாசனைப் புல்லை ஆராய்ந்தார். அளவாகப் பறித்தால் புல் செழிக்கும் என்பது கூடை பின்னுகிறவர்களின் அனுபவம். பறித்தால் குறையத்தானே செய்யும் என்று பேராசிரியர்கள் தலையாட்ட மறுத்தார்கள். மாணவி பாத்தி பிரித்துப் பறித்துப் பார்த்தார். பறித்த பாத்திகள் தழைத்தன, கைபடாதவை நலிந்தன. ஆய்வுகூடத்திலேயே இருந்தவர்களுக்கு இந்தக் கேள்வி தோன்றியிருக்குமா?

உசாத்துணைச் சிக்கலுக்கும் வழி இருக்கிறது. ஆய்வேடுகளில் உசாத்துணை குறிக்கும் ஏபிஏ (APA) முறையில் வாய்மொழியாகக் கேட்டது ‘தனிப்பட்ட தொடர்பு’. உசாத்துணைப் பட்டியலில் அதற்கு இடமில்லை. கனடாவில் கிரீ பழங்குடி இனத்து நூலகர் லொரிசியா மக்லௌட் 2021இல் இதற்கு மாற்று வடிவம் ஒன்றை வெளியிட்டார். மூத்தவரின் பெயர், சமூகம், வாழும் இடம், பேசிய பொருள், திகதி எல்லாம் பட்டியலுக்குள்ளேயே வரும், புத்தகத்துக்குச் சமமாக. அம்மம்மா சம்மதித்தால் அப்படியே போடுங்கள். சடங்குகளில் வெளியே சொல்ல வேண்டாம் என்று அவர் நினைப்பதை மட்டும் தொடாதீர்கள்.

அப்புறம் இன்னொன்று. அம்மம்மா சொன்னதைப் பதிவுசெய்வதோடு நிற்க வேண்டாம். அவரோடு நீங்கள் உடன்படாத இடம் மூன்றாம் பக்கத்தில் தெரிகிறது. அதைப் பயப்படாமல் விரித்து எழுதுங்கள். பாட்டியும் பேத்தியும் ஒரே களப்பை வைத்து வாதாடுகிற ஆய்வேட்டை நான் எங்கும் வாசித்ததில்லை.

மேற்பார்வையாளரைச் சந்திக்கப் போகும்போது மக்லௌட்டின் வடிவத்தை அச்செடுத்துக்கொண்டு போங்கள். திருத்திய அத்தியாயத்தை எனக்கும் அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா