அந்த நாலு பேரில் நானும் ஒருவன்

மதுரை,
புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை

அன்பு மகளுக்கு,

வாங்கிய ஷூ இன்னும் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது என்று நீ உன் அம்மாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. ஒட்டுக் கேட்கவில்லை பாப்பா. அவள் கையில் மாவு, போன் ஸ்பீக்கரில் இருந்தது. ஆறு வாரமாகிவிட்டதாம். ராத்திரியில் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு அறைக்குள் நின்ற இடத்திலேயே ஓடுகிறாயாம். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து கதவைத் தட்டினாராம். "இங்கே எல்லோரும் மான் மாதிரி ஓடுகிறார்கள். நான் அரிசி மூட்டை உருள்வது மாதிரி ஓடினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?" என்று கேட்டாய். உன் அம்மா, "பார்த்தால் பார்க்கட்டும், கண் அவர்களுடையதுதானே" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டு மாவைக் கரைக்கப் போய்விட்டாள்.

நல்ல பதில்தான். ஆனால் பார்க்கிறவர்களைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரியும். பதினோரு ஆண்டு அந்த வேலையைப் பார்த்தவன் நான்.

தெப்பக்குளத்து டீக்கடை பெஞ்ச் உனக்கு நினைவிருக்கும். காலை ஆறிலிருந்து ஏழரை வரை அங்கே நாங்கள் நாலு பேர்: வாத்தியார், டெய்லர், பால் டிப்போக்காரர், கருவூல அலுவலகத்து நான். 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்று ஊரே பயப்படுகிறதே, அந்த நாலு பேர் யார் என்று யாராவது உன்னைக் கேட்டால் எங்களைக் காட்டு. குளத்தைச் சுற்றி நடப்பவர், ஓடுபவர் எல்லோரும் எங்கள் முன்னால்தான் போயாக வேண்டும். ஒரு சுற்று ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர். ஓடத் தெரிந்தவன் ஏழெட்டு நிமிடத்தில் மறுபடி வந்துவிடுவான்.

நாங்கள் என்ன பேசினோம் என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். ஓடுகிறவரைப் பற்றி ஒரு வாக்கியம், மிஞ்சினால் இரண்டு. "இவர் பேங்க்காரர்தானே?" அதற்குள் டீ வந்துவிடும். பிறகு விலைவாசி, மருமகன், மூட்டுவலி. அவரே இரண்டாம் சுற்றில் வரும்போது முதல் சுற்றில் யார் போனார் என்பதே எங்களுக்கு நினைவில் இருக்காது. ஓடத் தெரியாமல் ஓடினார் என்று ஒருவரைக்கூட மறுநாள் நாங்கள் அடையாளம் சொன்னதில்லை. எங்களுக்கு அடையாளம் தெரிந்தவர்கள் தினமும் வந்தவர்கள். அவர்கள் ஒருநாள் வராவிட்டால், "எங்கே காணோம், உடம்புக்கு என்னவோ?" என்று டெய்லர் கேட்பார். இதுதான் நாலு பேருடைய லட்சணம்.

எல்லாம் இவ்வளவு சாதுவாகவும் இருக்கவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன். ஒரு வருஷம் ஒரு பெண் வந்தாள், சுடிதாரும் கேன்வாஸ் ஷூவுமாக. உன் வயது இருக்கும். பக்கத்து பெஞ்சில் இருந்த ஒருவன், "ஏய், பி.டி. உஷா!" என்று கத்தினான். 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஒரு நொடியில் நூற்றில் ஒரு பங்கில் வெண்கலத்தைத் தவறவிட்டவர் அவர். தேசமே தலையில் தூக்கிவைத்த அந்தப் பெயரை, தெருவில் ஓடுகிற பெண்ணை உட்கார வைக்க நம் ஆட்கள் எவ்வளவு சுலபமாக எடுத்துக்கொண்டார்கள் பார். எங்கள் பெஞ்சில் யாரும் சிரிக்கவில்லை. யாரும் அவனை அதட்டவும் இல்லை. நான் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மூன்று வாரம் வந்தாள். பிறகு வரவில்லை.

ஆகவே என் தொப்பையை ஊர் பார்ப்பதும் உன்னை ஊர் பார்ப்பதும் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன். கத்துகிறவன் இருக்கும் தெருவை விட்டுவிட்டு வேறு தெருவில் போ. அதில் தோல்வி ஒன்றுமில்லை. ஆனால் கத்துகிறவன் ஒருவன். மற்றவர்கள் எல்லாம் டீக்குக் காத்திருப்பவர்கள். இரண்டையும் ஒன்றாகக் கட்டி முதுகில் சுமக்காதே.

இன்னொன்றும் உண்டு. எட்டாம் வகுப்பில் உன்னை 200 மீட்டருக்குத் தேர்ந்தெடுத்து, பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு தாள் கொடுத்து அனுப்பினார்கள். நீ மறந்திருக்க மாட்டாய். "அரைக்கால் சட்டையா? நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்று சொல்லி நான் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த நாள் காலை அந்த நாலு பேரில் ஒருவனாக நானே போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். மற்ற மூவரிடமும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவர்கள் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். இதை நேரில் உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சரி, இனி நீ சிரிக்கக்கூடிய பகுதி.

போன வருஷம் சர்க்கரை 168 என்று வந்தபோது, போனில் ஓட்டப் பயிற்சி ஒன்றை எனக்கு ஏற்றிக் கொடுத்தாயே, சோபாவில் கிடப்பவரை ஐந்து கிலோமீட்டர் ஓடவைக்கும் ஒன்பது வாரத் திட்டம். "பார்க்கிறேன்" என்றேன். டாக்டரிடம் கேட்டேன், முதலில் ஒரு மாதம் நடங்கள், பிறகு மெதுவாக ஓடலாம் என்றார். நடந்தேன். அதன் பிறகு அந்தத் திட்டத்தின் பூர்வீகத்தைத் தேடிப் படித்தேன். 1996-இல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்க இளைஞர், ஐம்பதைத் தாண்டிய தன் அம்மாவை மனதில் வைத்து எழுதியதாம். ஒரு பிள்ளை தாய்க்கு எழுதியதை இன்னொரு பிள்ளை தகப்பனுக்கு அனுப்பியிருக்கிறது, இனியும் 'பார்க்கிறேன்' என்று சொல்வது நியாயமில்லை என்று தோன்றியது.

ஆனால் பெஞ்சை எப்படிக் கடப்பது? உனக்கு இப்போது இருக்கிற அதே கூச்சம்தான். நீ திரையை இழுத்துவிட்டாய், நான் இருட்டைப் பிடித்துக்கொண்டேன். விடிகாலை நாலரை மணி. அந்த நேரத்துத் தெப்பக்குளம் நாய்களுக்குச் சொந்தம் என்பது எனக்குத் தெரியாது. பதுங்கிப் பதுங்கி ஓடுகிற மனிதனை அவற்றுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. போதாததற்குச் சட்டைப் பையிலிருந்து ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் "ஓடு" என்கிறது, ஓடுகிறேன். "நட" என்கிறது, நடக்கிறேன். முதல் வாரம் 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை, இப்படி எட்டு முறை. ஒரு நிமிடம் எவ்வளவு நீளமானது என்பதைக் கருவூலத்தில் முப்பது வருஷம் கடிகாரத்தைப் பார்த்தும் நான் கற்றிருக்கவில்லை. நாலாம் நாள், பெயர்ந்து நின்ற நடைபாதைக் கல்லில் இடறி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டேன். என்னைத் தூக்கிவிட்டவர் யார் தெரியுமா? கடை திறக்க வந்த டீ மாஸ்டர். அன்றைக்கு ஏழு மணிக்குள் பெஞ்சுக்குச் சேதி போய்விட்டது.

மறுநாள் ஆறு மணிக்கு, வெளிச்சத்திலேயே போனேன். மூன்று பேரும் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். நாயக்கர் மஹாலுக்கு மண் எடுக்கத் தோண்டியபோது முக்குறுணிப் பிள்ளையார் இந்தக் குளத்தில்தான் கிடைத்தார் என்று சின்ன வயதில் உனக்குக் கதை சொன்னேன் அல்லவா? வாத்தியார் என் வயிற்றைப் பார்த்துவிட்டு, "தோண்டி எடுத்த இடத்துக்கே பிள்ளையார் திரும்பி வந்துவிட்டார், வழி விடுங்கள்" என்றார். பால் டிப்போக்காரர் தோப்புக்கரணமே போட்டார். அவமானமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டாம் சுற்று வந்தபோது அவர்கள் வடை தீர்ந்துபோனதைப் பற்றி மாஸ்டரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு சுற்று கூடத் தாங்கவில்லை நான், செய்தியாக.

இப்போது உனக்குச் சொல்ல வேண்டிய முக்கியமான சங்கதி. பெஞ்ச் கண்ணில் பட்டதும் என் கால் தானாக வேகமெடுக்கும். நெஞ்சை நிமிர்த்தி, இருபது வயதுக்காரன் மாதிரி அவர்களைக் கடப்பேன். கடந்ததும் திருப்பத்தில் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு இரைப்பேன். எனக்கு ஓட வராது, வயதாகிவிட்டது என்று தினமும் அந்தக் கம்பத்தடியில் முடிவு செய்வேன். பிறகு ஒருநாள் ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தேன், 1983-இல் வெளிவந்தது. ஓடுபாதை ஓரமாக ஒரு பெண்ணை உட்கார வைத்தார்களாம். அவள் பாதையைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோது ஓடி வந்தவர்கள் வேகத்தைக் கூட்டினார்கள். முதுகைக் காட்டி உட்கார்ந்தபோது கூட்டவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் நெஞ்சு இரைத்தது வயதால் பாதிதான், மீதி பெஞ்சால். கூச்சப்படுகிறவன் மெதுவாக ஓட வெட்கப்பட்டு வேகமாக ஓடுகிறான், மூச்சு முட்டுகிறது, 'எனக்கு வராது' என்று வீட்டுக்குப் போய்விடுகிறான்.

அதனால் பெஞ்ச் முன்னால் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்துப் பழகினேன். அளவுகோல் வாய்ப்பாடு. உனக்கு அடித்துச் சொல்லிக் கொடுத்த அதே பதின்மூன்றாம் வாய்ப்பாடு. ஓடிக்கொண்டே இரண்டு வரியை மூச்சு உடையாமல் சொல்ல முடிந்தால் வேகம் சரி. "முப்பத்தொன்பது" என்பதில் திக்கினால் வேகம் அதிகம். நடக்கிறவர்கள் என்னை முந்திக்கொண்டு போனார்கள். ஒரு பாட்டி திரும்பிப் பார்த்து, "கால் சுளுக்கா?" என்று விசாரித்தார். போகட்டும். விளக்குக் கம்பத்துக்கும் எனக்குமான உறவு அத்தோடு முடிந்தது.

மான் மாதிரி ஓடுகிறவர்களைப் பற்றியும் சொல்கிறேன். இங்கே போலீஸ் தேர்வுக்குத் தயாராகும் பையன்கள் வருகிறார்கள். 1500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் அவர்களுக்கு. அவர்கள் பக்கத்தில் ஓடத்தான் நான் அதிகமாகக் குறுகினேன். முதலில் ஒதுங்கி வழிவிட்டவர்களும் அவர்கள்தான். ஒரு பையன் கூடவே வந்து, "ஐயா, தோளைத் தூக்காதீர்கள், காதுக்குப் பக்கத்தில் போகிறது" என்றான். அவ்வளவுதான், போய்விட்டான். ஓடுகிறவனுக்கு ஓடத் திணறுகிறவனைப் பார்த்தால் தன் முதல் மாதம்தான் நினைவுக்கு வரும்போலும். கேலி செய்கிற நேரமுள்ளவர்கள் உட்கார்ந்திருப்பவர்கள், என்னைப்போல.

ஒன்பது வாரத் திட்டம் எனக்குப் பதினேழு வாரம் பிடித்தது. ஐந்தாம் வாரம் மூன்றாம் நாள் ஒரேயடியாக இருபது நிமிடம் நிற்காமல் ஓடச் சொல்கிறது. அந்த ஜோஷ் கிளார்க்கின் அம்மா என்ன சொன்னாரோ! நான் அந்த வாரத்தை நான்கு முறை ஓடினேன். யாரும் தேர்வுத்தாள் திருத்தவில்லை.

உன் ஊருக்கு வருவோம். லீட்ஸில் உன் வீட்டுப் பக்கம் வுட்ஹவுஸ் மூர் பூங்காவிலேயே சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு பார்க்ரன் என்று எல்லோரும் சேர்ந்து ஓடுகிற ஓட்டம் நடக்கிறதாமே. ஐந்து கிலோமீட்டர், கட்டணம் கிடையாது. 2004-இல் லண்டன் புஷி பார்க்கில் பதின்மூன்று பேரோடு தொடங்கியது என்று படித்தேன். அதில் எனக்குப் பிடித்த ஏற்பாடு ஒன்று: டெயில் வாக்கர் என்று ஒரு தொண்டர். எல்லோருக்கும் பின்னால், கடைசி ஆளாக வந்து சேர்வதே அவர் வேலை. நீ எவ்வளவு மெதுவாகப் போனாலும், நடந்தே போனாலும், கடைசி இடம் உனக்குக் கிடைக்காது. அதற்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது. நம் பள்ளிக்கூட விளையாட்டு விழாக்களில் இப்படி ஒருவரை வைத்திருந்தால் எத்தனை பேர் ஓடியிருப்பார்கள்!

இந்த வாரமே போ என்று சொல்லவில்லை. முதலில் ஷூவைப் போட்டுக்கொண்டு கடைவரை நடந்துவிட்டு வா. அடுத்த நாள் ஒரு நிமிடம் ஓடு. இருட்டை மட்டும் தேடிப் போகாதே. உங்கள் ஊரில் இனி இலை உதிர்ந்து தரை வழுக்கும், அங்கே தூக்கிவிட டீ மாஸ்டரும் கிடையாது.

போகிற சனிக்கிழமை எனக்கு ஒரு மெசேஜ் போடு. இந்த மாதக் கடைசியில் உங்கள் கடிகாரத்தைத் திருப்பி வைக்கும்வரை உன் ஒன்பது மணி எங்களுக்கு மத்தியானம் ஒன்றரை, பிறகு இரண்டரை. சாப்பிட்டுவிட்டு ஊஞ்சலில்தான் இருப்பேன். ஓடி முடித்ததும் கூப்பிடு. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தால் பேச வேண்டாம், போனைக் கையில் வைத்துக்கொண்டிரு. நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: கால் நகத்தை ஒட்ட வெட்டிக்கொள். எனக்குக் கட்டைவிரல் நகம் ஒன்று கறுத்துப்போனது, உன் அம்மாவுக்கு இன்னும் தெரியாது. உடை விஷயமாக அவள் உனக்குத் தனியாகப் பேசுவாளாம்.