சத்துணவுக் கூடத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகள் தினத்தன்று உங்கள் நாளிதழில் குழந்தைகளுக்கான உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 இரண்டையும் கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்கள். நல்ல காரியம். ஆனால் எண் தெரியாததால்தான் பிள்ளைகள் தங்களுக்கு நடக்கிற பாலியல் தொல்லையைப் பற்றி வாய் திறக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் பகுதிப் பள்ளிச் சுவரில் 1098 பெரிதாக எழுதியிருக்கிறது. ஆறாவது படிக்கிற பிள்ளை தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும். போனுக்கு எங்கே போகும்? வீட்டில் இருப்பது அப்பாவுடையதோ மாமாவுடையதோதான். சில வீடுகளில் பிள்ளைக்குப் பயமே அந்தப் போனை வைத்திருக்கிறவரிடம்.

நான் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பிள்ளைகளுக்கு நான் 'சத்துணவு டீச்சர்', சமையல் செய்கிறவர் 'ஆயாம்மா'. பாடம் நடத்துவதும் மார்க் போடுவதும் எங்கள் வேலை இல்லை என்பதால் எங்களிடம் அவர்களுக்குப் பயம் கிடையாது. அம்மா திருப்பூருக்கு வேலைக்குப் போனது, ராத்திரி அப்பா குடித்துவிட்டு வந்தது, வீட்டுக்குப் புதிதாக ஒருவர் வந்து தங்கியிருப்பது எல்லாம் தட்டோடு வரிசையில் நிற்கும்போதே வெளியே வந்துவிடும். முட்டை என்றால் உயிரை விடுகிற பிள்ளை அதைத் தொடாமல் வைத்துவிட்டுப் போனால் முதலில் எங்களுக்குத்தான் தெரியும்.

ஒரு பெண் குழந்தை தினமும் பள்ளி விட்ட பிறகு பாத்திரம் கழுவ வருகிறேன் என்று வந்து நிற்கும். வேண்டாம், வீட்டுக்குப் போ என்றால் முகம் மாறிவிடும். ஆயாம்மாதான், "அவளை விரட்டாதீங்க டீச்சர், வீட்டுக்குப் போகப் பயப்படுறா" என்றார். துருவிக் கேட்காமல் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டோம். சில நாள் கழித்து அதுவாகவே ஆயாம்மாவிடம் சொன்னது. அன்றே வகுப்பு ஆசிரியை 1098க்குப் பேசினார். வந்தவர்கள் யாரும் காக்கி உடுப்பில் வரவில்லை. இதற்கு மேல் ஊரையோ வருடத்தையோ நான் எழுத மாட்டேன். குழந்தையின் அடையாளத்தை வெளியே விடக் கூடாது என்று சட்டமே இருக்கிறது.

எங்களுக்கு நடந்த பயிற்சிகளில் சமையல் சுத்தம் உண்டு, இருப்புப் பதிவேடு உண்டு, தீயணைப்புக் கருவியைக் கையாளும் விதம்கூட உண்டு. ஒரு பிள்ளை அழுதால் என்ன கேட்கலாம், என்ன கேட்கக் கூடாது என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் பண்ணக் கூடாது; "நீ ஏன் அங்கே போனே" என்று கேட்கவே கூடாது. இதைச் சொல்லித் தர அரை நாள் போதும். இப்போது தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் வந்துவிட்டது. மகளிர் குழுப் பெண்கள் காலையிலேயே பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கிறார்கள். அவர்களையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்று புகார்ப் பெட்டி வைக்கச் சொன்னார்கள். நான் பார்த்த ஒரு பள்ளியில் அதைத் தலைமையாசிரியர் அறை வாசலிலேயே மாட்டியிருந்தார்கள். சீட்டுப் போடப் போகிற பிள்ளையை மொத்த வராந்தாவும் பார்க்கும். எந்தப் பிள்ளை போடும்? தண்ணீர்க் குழாய் பக்கம் மாட்டலாமே. பள்ளியின் பாதுகாப்புக் குழுவில் சத்துணவு ஊழியர் ஒருவருக்கும் இடம் கொடுக்கலாம்.

இன்னொன்று, ஆண் பிள்ளைகள். "பையனுக்கு என்ன ஆகிடப்போகுது" என்கிற பேச்சை நிறையக் கேட்டுவிட்டேன். மத்திய அரசு 13 மாநிலங்களில் எடுத்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்ன பிள்ளைகளில் பாதிக்கு மேல் பையன்கள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கிற போக்சோ சட்டமும் ஆண், பெண் என்று பிரிப்பதில்லை. 18 வயதுக்குள் இருந்தால் எல்லோரும் குழந்தைதான்.

அப்புறம், பெரியவர்கள் வாயை மூடிக்கொள்வதற்குக் காரணம் போலீஸ் ஸ்டேஷன் ஏற வேண்டுமே என்ற பயம். போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. குழந்தையை வீட்டிலோ, அது விரும்புகிற இடத்திலோ வைத்துத்தான் வாக்குமூலம் வாங்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். விசாரிக்கிற போலீஸ்காரர் சீருடையில் இருக்கக் கூடாது, பெற்றோரோ குழந்தை நம்புகிற ஒருவரோ கூட இருக்க வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் ராத்திரி ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. நல்ல எண்ணத்தில் தகவல் சொன்னவர் மீது வழக்கு வராது. தெரிந்தும் சொல்லாமல் இருந்தால்தான் குற்றம், ஆறு மாதம் வரை சிறை. 'ஊர் வாய்க்குப் பயந்து பேசாமல் இருந்தேன்' என்று சொல்லித் தப்பிக்க முடியாது. எங்கள் ஊரில் பஞ்சாயத்துப் பேசி 'முடித்து வைத்த' பெரிய மனிதர்களுக்கு இதில் பாதிகூடத் தெரியாது.

அதனால் அடுத்த முறை அந்தக் கட்டத்தில் வெறும் எண்களை மட்டும் போடாதீர்கள். 1098ஐ 24 மணி நேரமும் காசில்லாமல் அழைக்கலாம். பிள்ளைதான் பேச வேண்டும் என்றில்லை, பக்கத்து வீட்டுக்காரரும் பேசலாம். பேசினால் என்ன நடக்கும், யார் வருவார்கள் என்று நாலு வரி சேர்த்துப் போடுங்கள். அந்தப் பக்கத்தை வெட்டி ரேஷன் கடையிலும் சமையல் கூடத்திலும் ஒட்டி வைக்க நாங்கள் இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
தஞ்சாவூர் மாவட்டம்.