அம்மா ஏ2, மனைவி சாட்சி

பெங்களூரின் மக்களவை உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் அல்சூர்க்காரன். மேயோ ஹால் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக முப்பத்தோரு வருடம் ஓடியாடிவிட்டு இப்போது வீட்டோடு இருக்கிறேன். அடுத்தவர் வீட்டு வழக்குக் கட்டுகளைச் சுமந்து முடித்தாயிற்று என்று நினைத்தேன். இப்போது என் அக்கா வீட்டுக் கட்டைச் சுமக்கிறேன்.

அக்கா ஸ்ரீராமபுரத்தில் இருக்கிறாள். அவள் மகன் ஒரு தெருத்தகராறில் ஒருவனைக் கத்தியால் குத்திவிட்டான். குத்துப்பட்டவர் பிழைத்துக்கொண்டார். அவன் செய்ததற்கு நான் எந்தச் சமாதானமும் சொல்லப்போவதில்லை, தண்டனை வந்தால் அனுபவிக்கட்டும். அன்று ராத்திரி ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொல்லி அழுதிருக்கிறான். அக்கா அடுப்பைப் பற்றவைத்து ரசத்தைச் சூடாக்கிச் சோற்றில் ஊற்றிக் கொடுத்தாள். அவன் மனைவி பையில் துணிகளை அடுக்கி, சீட்டுப் பணத்திலிருந்து இரண்டாயிரம் எடுத்துக் கொடுத்தாள். விடிவதற்குள் ஓசூர் பஸ் ஏறிவிட்டான். மூன்றாவது வாரம் பிடிபட்டான்.

குற்றப்பத்திரிகை வந்தது. மகன் ஏ1, அதாவது முதல் குற்றம்சாட்டப்பட்டவன். அக்கா ஏ2, இரண்டாவது. மருமகள் சாட்சிப் பட்டியலில் ஏழாவது பெயர்.

பையும் பணமும் கொடுத்தவளுக்கு வழக்கு இல்லை, சோறு போட்டவளுக்கு வழக்கு. முதலில் போலீசின் விஷமம் என்றுதான் நினைத்தேன். பிரிவைத் திரும்பப் படித்தபோதுதான் புரிந்தது, அவர்கள் சட்டத்தில் உள்ளபடியே செய்திருக்கிறார்கள்.

புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 249-ஆம் பிரிவு. குற்றம் செய்தவன் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ, தண்டனையிலிருந்து தப்பவைக்கும் நோக்கத்தில் ஒருவனுக்கு அடைக்கலம் கொடுத்தால் அது தனிக் குற்றம். அவன் செய்தது தூக்கு வரை போகும் குற்றமானால் அடைக்கலம் கொடுத்தவருக்கு 5 ஆண்டு வரை சிறை. ஆயுள் அல்லது பத்தாண்டு வரை போகும் குற்றமானால் 3 ஆண்டு வரை. அக்கா மாட்டியிருப்பது இந்த இரண்டாவதில். அடைக்கலம் என்றால் தங்க இடம் மட்டுமில்லை. உணவு, குடிக்கத் தண்ணீர், உடை, பணம், வண்டி என்று அதே சட்டத்தின் 2(13)-ஆம் பிரிவில் வரிசையாகச் சொல்லியிருக்கிறார்கள். கடைசியில் ஒரு விதிவிலக்கு: அடைக்கலம் கொடுத்தவர் குற்றவாளியின் கணவனோ மனைவியோ ஆனால் இந்தப் பிரிவு பொருந்தாது. அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அப்பா, பிள்ளை, கூடப்பிறந்தவர், யாரைப் பற்றியும் கிடையாது.

மருமகளையும் வழக்கில் சேருங்கள் என்று கேட்கவில்லை. அவளுக்கு எட்டு மாதக் குழந்தை. அவளுக்குக் கிடைத்த கருணை மாமியாருக்கு ஏன் இல்லை என்றுதான் கேட்கிறேன்.

நோக்கம் நிரூபணமாக வேண்டும், வெறும் சோறு போட்டது குற்றமாகாது என்று வக்கீல் ஆறுதல் சொல்கிறார். சரிதான். ஆனால் நோக்கத்தைப் பற்றி கோர்ட் தீர்ப்புச் சொல்லும்போது அக்காவுக்கு எழுபது தாண்டியிருக்கும். ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்பதால் அன்றைக்கே வெளியே வந்தாள், அதுவரைக்கும் நல்லது. ஸ்டேஷனில் “ஏம்மா, எங்களுக்கு ஏன் போன் பண்ணலை?” என்று கேட்டதற்கு, “பசிக்குதும்மான்னான் சார்” என்று பதில் சொல்லியிருக்கிறாள். இதில் நோக்கத்தை எங்கே போய்த் தேடுவது?

காலனியச் சட்டத்தை மாற்றுகிறோம் என்று சொல்லித்தான் 2023 டிசம்பரில் உங்கள் அவை புதிய சட்டங்களை நிறைவேற்றியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கும் வந்துவிட்டது. 1860-ல் வெள்ளைக்காரன் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 212-ஆம் பிரிவை எடுத்து 249 என்று எண் போட்டதைத் தவிர இந்த விதிவிலக்கில் என்ன மாறியது? குடும்பம் என்றால் புருஷன் பெண்டாட்டி மட்டும்தான் என்று அன்றைக்கு அவன் நினைத்திருக்கலாம். ஒரே கூரையின் கீழ் மூன்று தலைமுறை வாழ்கிற ஊரில் இருந்துகொண்டு நீங்களும் அப்படியே விட்டுவிட்டீர்களே.

வேறு நாடுகள் இதை யோசித்திருக்கின்றன. ஜெர்மனியில் நெருங்கிய உறவினரைத் தண்டனையிலிருந்து காப்பாற்ற உதவியவருக்குத் தண்டனை இல்லை. தென்கொரியாவிலும் உறவினருக்கும் உடன் வாழும் குடும்பத்தாருக்கும் விலக்கு உண்டு. பிரான்சில் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் விலக்கில் வருகிறார்கள். ஜப்பானில் உறவினரைத் தண்டிக்காமல் விட கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கிறது. அங்கெல்லாம் சட்டம் ஒழுங்கு கெட்டுப்போய்விடவில்லை.

நாம் மகனைத் தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழன் கதை கேட்டு வளர்ந்தவர்கள். ஆனால் எனக்குச் சொன்ன கதையில் அந்தப் பையனின் அம்மா வரவேயில்லை. அவளை யாராவது கேட்டார்களா?

ரவுடிகளை வீட்டில் வைத்துக் காப்பாற்றும் தாய்மார்களும் இருக்கிறார்களே என்பீர்கள். இருக்கலாம். கத்தியைக் கழுவி ஒளித்தால் அதற்குத் தடயத்தை அழித்த குற்றம், 238-ஆம் பிரிவு, தனியாக இருக்கிறது. பயங்கரவாத வழக்குகளுக்கான யுஏபிஏ 19-ஆம் பிரிவில் அடைக்கலத்துக்கு 3 ஆண்டிலிருந்து ஆயுள் வரை தண்டனை. அதிலேயே கணவன் மனைவிக்கு விலக்கு கொடுத்திருக்கிறார்கள். அப்படியிருக்க, தெருச்சண்டை வழக்கில் தாய்க்கு விலக்கு கொடுத்தால் என்ன குடிமுழுகிப் போகும்?

அடைக்கலத்தையும் குற்றத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் எங்கே போய் முடியும் என்பதை இந்த ஊர்த் தமிழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1991 ஆகஸ்டில் பெங்களூர் கோணனகுண்டே வாடகை வீட்டில், ராஜீவ் காந்தி கொலையில் தேடப்பட்ட சிவராசனும் சுபாவும் செத்துக் கிடந்தபோது நான் வேலைக்குப் புதிது. அந்த ராஜீவ் வழக்கில் 1998-ல் பூந்தமல்லியில் இருந்த தடா (பயங்கரவாதத் தடுப்புச் சட்ட) கோர்ட் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அதில் 19 பேரை விடுவித்தது. அவர்களில் சிலர்மீது மிஞ்சியது அடைக்கலம் கொடுத்தது போன்ற குற்றங்கள்தான், அதற்குச் சிறையில் கழித்த காலமே போதும் என்றார்கள். இடையில் தூக்குக் கைதியாக இருந்த அந்த மாதங்களை யார் திருப்பிக் கொடுத்தார்கள்?

நான் கேட்பது ஒரே ஒரு வரித் திருத்தம். விதிவிலக்கில் கணவன் மனைவியோடு “தாய், தந்தை, பிள்ளை, உடன்பிறந்தார்” என்று சேர்க்க வேண்டும். தனிநபர் மசோதாக்களுக்கு வெள்ளிக்கிழமை பிற்பகல் ஒதுக்கியிருக்கிறார்கள், அந்த நேரத்தில் உங்களில் யாராவது ஒருவர் கொண்டுவரலாம். நிறைவேறாது என்று எனக்கும் தெரியும். பேச்சாவது அவைக் குறிப்பில் ஏறுமே.

மசோதா வாசகத்தை நானே டைப் அடித்து வைத்திருக்கிறேன். எந்த அலுவலகத்துக்கு வரச் சொன்னாலும் வருகிறேன். அடுத்த மாத இரண்டாவது செவ்வாய் மட்டும் வேண்டாம், அன்றைக்கு அக்காவுக்கு வாய்தா.

இப்படிக்கு,
ஏ2-வின் தம்பி