ஷிங்காலில் இருந்து வந்த ஒரு குடும்பம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஈராக்கில் தனிச் சமயம் கொண்ட சிறுபான்மையினரான யசீதி மக்களைப் பற்றியும், 2014இல் ஐ.எஸ். என்ற இஸ்லாமியத் தீவிரவாத அமைப்பு அவர்களைக் கொன்று துரத்தியதைப் பற்றியும் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். இவர்களைப் பற்றித் தமிழில் யாராவது எழுத மாட்டார்களா என்று பல நாள் நினைத்திருக்கிறேன். வெளியிட்டதற்கு நன்றி. ஆனால் ஓரிடத்தில் தவறு இருக்கிறது, இன்னோரிடத்தில் கதை பாதியிலேயே நின்றுவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் ஹனோவருக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். மூன்று வருடமாக என் பக்கத்தில் நின்று காய்கறி வெட்டுகிற பெண் ஒரு யசீதி. எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக இருப்பது உடைந்த ஜேர்மன் மொழிதான். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அவர்களுடைய அகதி வழக்கு நடப்பதால் பெயர் போடவில்லை.

முதலில் தவறு. வட ஈராக்கின் ஷிங்கால் மலையில் சிக்கியவர்களை அமெரிக்க விமானங்கள் மீட்டன என்று கட்டுரையில் இருக்கிறது. விமானங்கள் தண்ணீரும் உணவும் போட்டது உண்மை. ஐ.எஸ். ஆட்கள் மேல் குண்டு போட்டதும் உண்மை. ஆனால் மலையில் கிடந்த பல்லாயிரம் பேரில் பெரும்பாலானோர் கீழே இறங்கியது கால்நடையாக. சிரியாவின் குர்திஷ் படையான ஒய்.பி.ஜி.யும் துருக்கிக் குர்துகளின் பி.கே.கே.யும் சண்டை பிடித்துத் திறந்த பாதையால்தான் அவர்கள் வெளியேறினார்கள். அவளுடைய குடும்பமும் அப்படித்தான் தப்பியது.

2014 ஆகஸ்ட் 3, ஞாயிற்றுக்கிழமை. இவர்களுடைய கிராமம் மலைக்குத் தெற்கே. காவலுக்கு இருந்த ஈராக் குர்துகளின் பெஷ்மெர்காப் படை சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. ஊர் ஆண்கள் கையிலிருந்த துப்பாக்கிகளை வைத்துக்கொண்டு விடியும்வரை தாக்குப்பிடித்தார்கள். அப்புறம் எல்லோரும் மலையைப் பார்த்து ஓட்டம். அவளுடைய மாமனாரால் ஏற முடியவில்லை. நீங்கள் போங்கள், நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அடிவாரத்திலேயே இருந்துவிட்டார்.

மலையில் ஏழு நாள். நிழல் இல்லை, வெயில் 40 பாகைக்கு மேல். இதைச் சொல்லும்போது அவள் மேசையில் கிடந்த மினரல் வாட்டர் போத்தலின் நீல மூடியைக் கையில் எடுத்துக் காட்டினாள். காலையில் பிள்ளைக்கு ஒரு மூடி, பின்னேரம் ஒரு மூடி. மூன்று பிள்ளைகள். மாமியார் தன் பங்கை உதட்டில் நனைத்துவிட்டு, குடித்துவிட்டேன் என்று பொய் சொல்வாராம். பக்கத்துக் குடும்பத்தில் ஒரு கைக்குழந்தை இறந்துபோனது. மண் இறுகிக் கிடந்ததால் தோண்ட முடியாமல் கற்களை அடுக்கி மூடினார்கள். சொல்லி முடித்ததும் மூடியைத் திரும்பப் போத்தலில் இறுக்கிப் பூட்டிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

மலையில் இருந்து சிரியாவுக்குள் இறங்கி, டைக்ரிஸ் ஆற்றைக் கடந்து திரும்பவும் ஈராக்குக்குள் வந்து, ஸாக்கோவில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிடந்தார்கள். பிறகு டுஹோக் பக்கம் ஒரு முகாம். ஒரு கூடாரத்தில் ஏழு வருடம். அவர்கள் மலையில் இருந்து இறங்கிய சில நாளில், ஆகஸ்ட் 15 அன்று, ஷிங்கால் பக்கத்துக் கோச்சோ கிராமத்தில் ஐ.எஸ். ஆட்கள் ஆண்களைச் சுட்டுக் கொன்று பெண்களையும் பிள்ளைகளையும் அடிமைகளாகக் கொண்டுபோனார்கள். நோபல் பரிசு பெற்ற நாதியா முராத் அந்த ஊர்தான். மொத்தம் 6,000 பேருக்கு மேல் கடத்தப்பட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ 2,600 பேர் எங்கே என்று இன்றுவரை தெரியாது. அவளுடைய கணவரின் தங்கையும் அந்தக் கணக்கில் ஒருத்தி.

கட்டுரையில் மயிலைப் பற்றி ஒரு வரி இருந்தது. யசீதிகள் முருகனைக் கும்பிடுகிறவர்கள் என்று நம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிற படங்களை நானும் பார்த்திருக்கிறேன். நான் முருக பக்தை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆசையோடு அவளிடம், உங்கள் கடவுளுக்கும் மயிலா என்று கேட்டுவிட்டேன். அவள் முகம் மாறிவிட்டது. பதில் சொல்லாமல் முதலில் கதவைத் திரும்பிப் பார்த்தாள். ஏன் என்று பிறகுதான் விளங்கியது. அவர்கள் வணங்கும் மயில் தேவதையான தவ்சி மலக்கைச் சாத்தான் என்று சொல்லித்தான் நூற்றாண்டுகளாக அவர்களைக் கொன்றிருக்கிறார்கள். அப்படி நடந்த ஒவ்வொரு படுகொலையையும் அவர்கள் ஃபெர்மான் என்கிறார்கள். 2014இல் நடந்தது 74ஆவது ஃபெர்மான் என்பது அவர்கள் கணக்கு. மயிலைப் பற்றி யார் கேட்டாலும் அவளுக்கு வயிற்றைக் கலக்கும். அவர்கள் நம் முருகனைக் கும்பிடவில்லை, அவர்கள் சமயம் தனி. நமக்குச் சொந்தம் என்று காட்டினால்தான் அவர்களுக்காக இரங்குவோமா? அந்தப் படங்களை அனுப்புகிறவர்களிடம் இதைத்தான் கேட்கிறேன்.

இனி, நின்றுபோன கதை. ‘ஒருவழியாக ஜேர்மனி வந்து சேர்ந்தார்கள்’ என்று உங்கள் கட்டுரை முடிகிறது. 2015இலும் 2016இலும் வந்தவர்களுக்கு அது பொருந்தும். பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலம் மட்டும் ஐ.எஸ். பிடியிலிருந்து தப்பிய சுமார் 1,100 பெண்களையும் பிள்ளைகளையும் தானே கூட்டி வந்தது. அதை மறக்கக் கூடாது. ஆனால் இவள் குடும்பம் வந்தது 2021இல். பெலருஸ் போய், போலந்து எல்லைக் காட்டில் குளிரில் நடந்து வந்தார்கள். இருந்த நகையெல்லாம் அந்தப் பயணத்துக்குப் போய்விட்டது. வந்து அசூல், அதாவது அகதித் தஞ்சம், கேட்டார்கள். ‘ஐ.எஸ். தோற்றுவிட்டது, நீங்கள் திரும்பிப் போகலாம்’ என்று பதில் வந்தது. இப்போது கையில் இருப்பது டுல்டுங் கடிதம், அதாவது திருப்பி அனுப்புவதைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கிற கடிதம். சில மாதத்துக்கு ஒரு தடவை அதைப் புதுப்பிக்க வேண்டும்.

இந்த வாசகம் எனக்குப் புதிதல்ல. 2009க்குப் பிறகு இங்கு வந்த என் தம்பிக்கும் ‘போர் முடிந்துவிட்டது’ என்றுதான் கடிதம் வந்தது. கடிதம் வந்த வீட்டில் எப்படிச் சோறு இறங்காது என்று எனக்குத் தெரியும்.

எங்கே திரும்பிப் போவது? ஷிங்கால் நகரின் பெரும்பகுதி இன்னும் இடிபாடு. ஒன்றுக்கொன்று ஆகாத ஆயுதக் குழுக்கள் அங்கே இருக்கின்றன. துருக்கியின் விமானத் தாக்குதல்களும் அங்கே நடந்திருக்கின்றன. ஷிங்காலின் பாதுகாப்பையும் நிர்வாகத்தையும் பற்றி 2020 அக்டோபரில் பாக்தாத் அரசும் எர்பிலில் இருக்கிற குர்திஷ் பிராந்திய அரசும் செய்த ஒப்பந்தம் பெரும்பாலும் காகிதத்தோடு நின்றுவிட்டது. 2022 மே மாதம் அங்கே மூண்ட சண்டையில், திரும்பிப் போனவர்களே மறுபடி மூட்டையைக் கட்டிக்கொண்டு முகாமுக்கு ஓடினார்கள். அந்த முகாம்களையும் 2024 ஜூலையோடு மூடிவிடப் போவதாக ஈராக் அரசு அறிவித்து, பிறகு தள்ளிப்போட்டது.

என்னால் ஜீரணிக்க முடியாதது ஒன்று உண்டு. 2021 நவம்பரில் ஃபிராங்ஃபுர்ட் நீதிமன்றம்தான், யசீதிகளுக்கு நடந்தது இனப்படுகொலை என்று உலகத்திலேயே முதன்முதலாக ஒரு ஐ.எஸ். ஆளுக்குத் தண்டனை கொடுத்தது. ஐந்து வயதுப் பெண் குழந்தையை வெயிலில் கட்டிப்போட்டுத் தாகத்திலேயே சாகவிட்டவன் அவன். 2023 ஜனவரி 19 அன்று ஜேர்மன் பாராளுமன்றமும் அதை இனப்படுகொலை என்று ஏகமனதாக ஏற்றுக்கொண்டது. அதே நாடுதான் 2025 ஜூலையில், நான்கு பிள்ளைகளோடு இருந்த ஒரு யசீதிக் குடும்பத்தை பாக்தாத் விமானத்தில் ஏற்றியது. அந்தக் குடும்பத்துக்குச் சாதகமாக அன்றைக்கே நீதிமன்றம் ஆணை கொடுத்தது. ஆனால் விமானம் கிளம்பியிருந்தது. அதன் பிறகு வழக்கு எந்தப் பக்கம் போயிருந்தாலும், அந்தச் செய்தி வந்த அன்று இரவு என் தோழியின் வீட்டில் யாரும் உடுப்பு மாற்றிக்கொண்டு படுக்கவில்லை. பொலிஸ் விடியற்காலையில்தான் வரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகள் சப்பாத்தோடு தூங்கியிருக்கிறார்கள்.

மாமனாரின் எலும்பு இன்னும் அடையாளம் காணப்படவில்லை. ஷிங்காலில் 80க்கும் மேற்பட்ட மனிதப் புதைகுழிகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். தோண்டியெடுத்துப் பரிசோதிப்பது ஆமை வேகத்தில் நடக்கிறது. முகாமிலேயே இருந்துவிட்ட மைத்துனர் அங்கே மரபணுச் சோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார். ஈராக் எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் கத்தியைக் கீழே வைத்துவிட்டு இவள் வெளியே போகிறாள். மாமியார், யசீதிகளின் புனிதத் தலமான லாலிஷ் கோயில் மண்ணை உருட்டிச் செய்த பெராத் உருண்டை ஒன்றைத் துணியில் முடிந்து கழுத்தில் போட்டிருக்கிறார். மகனின் வழக்கு நாளன்று அதைக் கையில் பிடித்துக்கொண்டே இருப்பாராம்.

அடுத்த விசாரணை வரும் மாதம். தயவுசெய்து மலைப் பாதை பற்றிய திருத்தத்தை வரும் இதழில் போடுங்கள். கட்டுரை முழுக்க ‘சிஞ்சார்’ என்று இருக்கிறது. அது வரைபடத்தில் இருக்கிற பெயர். தன் ஊர்ப் பெயர் தமிழ்ப் பத்திரிகையில் வந்திருக்கிறது என்று நான் அந்தப் பக்கத்தைக் காட்டியபோது, எழுத்துத் தெரியாவிட்டாலும் என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். ஷிங்கால் என்று திருத்தச் சொன்னவள் அவள்தான்.

அன்புடன்,
ஒரு வாசகி,
ஹனோவர், ஜேர்மனி.