நத்தை ஓட்டின் படம் இல்லாத மரபணுத்தொகையை ஏற்காதீர்கள்

மைட்டோகாண்ட்ரியா மரபணுத்தொகைகளை வெளியிடும் ஆய்விதழ்களின் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். கூம்புச் சங்கு, முட்சங்கு போன்ற ஊனுண்ணும் கடல் நத்தைகளின் பரிணாம உறவுகளை ஆராய்கிறவர்கள் நாங்கள். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். எந்த நத்தையிலிருந்து டிஎன்ஏ எடுக்கப்பட்டதோ, அதன் ஓட்டுப் படமும், பெயரைப் பின்னால் சரிபார்க்கச் சேமித்துவைக்கும் சான்று மாதிரியின் பதிவெண்ணும் இல்லாத கட்டுரையைத் திருப்பி அனுப்புங்கள்.

மைட்டோகாண்ட்ரியா என்பது உயிரணுவுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்பு. இந்த நத்தைகளில் அதன் மரபணுத்தொகை, அதாவது அதற்கென உள்ள முழு டிஎன்ஏ, பெரும்பாலும் 15,000 முதல் 17,000 கார இணைகள் (டிஎன்ஏ ஏணியின் படிகள்) கொண்ட வளையம். அதில் 37 மரபணுக்கள்: புரதங்களுக்கு 13, புரதம் உருவாக உதவும் ஆர்ஆர்என்ஏவுக்கு 2, டிஆர்என்ஏவுக்கு 22. கூம்புச் சங்கும் முட்சங்கும் அடங்கும் நியோகாஸ்ட்ரோபோடா பிரிவில் இவை அடுக்கப்பட்டிருக்கும் முறை ஏறத்தாழ எல்லாக் குடும்பங்களிலும் ஒன்றே. ஆபத்து அங்கேதான் இருக்கிறது. கோனஸ் டெக்ஸ்டைல் என்ற கூம்புச் சங்கு மற்ற நத்தைகளை வேட்டையாடித் தின்பது. அதன் செரிமானச் சுரப்பியிலிருந்து டிஎன்ஏ எடுத்தால் இரையின் டிஎன்ஏவும் கூடவே வரும். இரையும் நெருங்கிய உறவாக இருந்துவிட்டால், இரண்டின் துண்டுகளையும் மென்பொருள் ஒன்றாகக் கோத்து, 37 மரபணுவும் குறையாத வளையத்தைக் கையில் கொடுத்துவிடக்கூடும். எந்த எச்சரிக்கையும் வராது. ஆகவே பாதத் தசையில் சுமார் 25 மில்லிகிராம் போதும். குடல் பக்கம் கத்தி போகவே கூடாது.

பதப்படுத்துவதிலும் பல மாதிரிகள் பாழாகின்றன. உயிருள்ள நத்தையை அப்படியே எத்தனாலில் போட்டால், அது உள்ளே சுருங்கி மூடியால் வாயை அடைத்துக்கொள்ளும். வெளியே 95 விழுக்காடு எத்தனால் இருக்க, உள்ளே தசை அழுகும். முதலில் வாய்ப்பக்கம், முதுகுப்பக்கம், நுனி என மூன்று கோணங்களில் அளவுகோலோடு படம் எடுக்கவேண்டும். நுனியிலுள்ள கரு ஓடு (நத்தையின் தொடக்கப் பருவத்தில் உருவான ஓடு) தேயாமல் இருந்தால், இனம் பிரிப்பதில் பல நேரம் அதுவே கைகொடுக்கும். பிறகு 7.5 விழுக்காடு மக்னீசியம் குளோரைடு கரைசலில் உடல் தளரும்வரை விட்டு, பாதத்தில் ஒரு துண்டு வெட்டிப் பத்து மடங்கு எத்தனாலில் இடவேண்டும். மறுநாள் எத்தனாலை மாற்றவேண்டும், ஏனென்றால் தசையிலிருந்து கசியும் நீர் அதன் செறிவைக் குறைத்துவிடும். ஃபார்மலின் கூடவே கூடாது. சளியிலுள்ள கூட்டுச்சர்க்கரைகள், டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆரைத் தடுப்பவை. அவற்றை நீக்க, சிடிஏபி என்ற வேதிப்பொருளால் டிஎன்ஏவைப் பிரிக்கும் முறை உதவும்.

மதிப்பீட்டாளர்களிடம் மூல வாசிப்புகளையும் (கருவி படித்துத் தந்த டிஎன்ஏ துண்டுகளின் வரிசைகளையும்) கொடுங்கள். வாசிப்புகளை வளையத்தின்மேல் திரும்பப் பொருத்தினால் ஆழம், அதாவது ஒவ்வோரிடத்திலும் விழும் வாசிப்புகளின் எண்ணிக்கை, ஓரளவு சீராக வரவேண்டும். ஓரிடத்தில் சட்டென்று சரிந்தாலோ இரட்டித்தாலோ, வேறு உயிரியின் துண்டோ, உட்கருவுக்குள் புகுந்த மைட்டோகாண்ட்ரியா நகலோ ஒட்டியிருக்கலாம். புரத மொழிபெயர்ப்புக்கு முதுகெலும்பிலிகளின் மைட்டோகாண்ட்ரியாவுக்கான 5ஆம் மரபுக்குறியீட்டு அட்டவணையையே பயன்படுத்தவேண்டும். முதுகெலும்பிகளுக்கான 2ஆம் அட்டவணையில் ஏஜிஏ, ஏஜிஜி இரண்டும் நிறுத்தக் கோடான்கள் (புரதம் இங்கே முடிகிறது என்று சொல்லும் மூன்று காரக் குறிகள்). 5ஆம் அட்டவணையிலோ அவை செரின் என்ற அமினோ அமிலத்தைக் குறிப்பவை. தானியங்கி மென்பொருள் குறிக்கும் மரபணுத் தொடக்கத்தையும் முடிவையும் கண்ணால் சரிபார்க்காமல் விடக் கூடாது. என்டி4எல் மரபணுவின் கடைசி 7 காரங்கள் என்டி4இன் தொடக்கத்தோடு மேற்பொருந்துவது இயல்பு. அதைப் பிழையென்று நினைத்து வெட்டிவிடுகிறவர்கள் உண்டு.

பரிணாம மரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். நியோகாஸ்ட்ரோபோடாவின் பழைய கிளைகள் குறுகிய காலத்தில் அடுத்தடுத்துப் பிரிந்தவை. அந்தக் கணுக்களில் மிஞ்சியிருக்கும் தடயம் சொற்பம். கோடானின் மூன்றாம் இடம் திரும்பத் திரும்ப மாறி அந்தத் தடயத்தையும் அழித்துவிடுகிறது. 2009இல் முழு மைட்டோகாண்ட்ரியா தரவிலிருந்து வரைந்த மரத்தில், டோனாய்டியா என்ற வேறொரு பிரிவைச் சேர்ந்த ஒரு நத்தை நியோகாஸ்ட்ரோபோடாவுக்குள்ளேயே வந்து நின்றது. அப்படியொரு முடிவைக் கண்டதும் வகைப்பாட்டை மாற்றக் கிளம்பாமல், மூன்றாம் இடத்தை விலக்கியும், அமினோ அமிலங்களைக் கொண்டும், உட்கரு மரபணுக்களோடு ஒப்பிட்டும் பார்க்கும்படி கட்டுரையாளர்களைக் கேளுங்கள். மைட்டோகாண்ட்ரியா பொதுவாகத் தாய்வழி வருவது; கலப்பினச் சேர்க்கை நடந்திருந்தால் இனத்தின் வரலாறு வேறாகவும் மைட்டோகாண்ட்ரியாவின் வரலாறு வேறாகவும் இருக்கும்.

ஏற்கெனவே வெளியான கட்டுரைகளுக்கும் ஓட்டுப் படத்தைக் கேட்டு வாங்கி இணையுங்கள். ஓடு கிடைக்காதபோது, பெயர் சரிபார்க்கப்படவில்லை என்ற குறிப்பைக் கட்டுரையில் சேருங்கள். தரவுத்தளப் பதிவிலும் அதைச் சேர்க்கும்படி தரவைப் பதிந்தவர்களுக்கு எழுதுங்கள். ஒரு தவறான பெயரோடு நிற்கும் வரிசையை அடுத்துவரும் ஒவ்வொரு மரமும் அப்படியே எடுத்துக்கொள்கிறது.

இப்படிக்கு,
கடல் நத்தை ஆய்வாளர்கள்