கிரான் பதிவுகளைப் பிரித்து வைத்தால் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லினக்ஸ் சர்வர்களில் பதிவுக் கோப்புகள் வட்டை நிரப்புவது குறித்துத் தங்கள் நாளிதழின் கணினிப் பகுதியில் வந்த குறிப்பு, கிரான் (குறித்த நேரங்களில் வேலைகளைத் தானாக இயக்கும் நிரல்) எழுதும் வரிகள் அனைத்தையும் வடிகட்டி நீக்கிவிடலாம் என்கிறது. இந்த யோசனையை நான் ஏற்கவில்லை.

தொல்லை உண்மைதான். நிமிடத்துக்கு ஒரு முறை ஓடும் ஒரே வேலை நாளொன்றுக்கு 1,440 தொடக்க வரிகளை எழுதும். ஒவ்வொரு முறையும் பயனர் அமர்வு திறந்தது, மூடியது என்று பாம் (பயனர் அனுமதியைச் சரிபார்க்கும் பகுதி) எழுதும் இரண்டு வரிகள் வேறு. பதிவுச் செய்திகள் வகைவாரியாகப் பிரிக்கப்படுகின்றன; இவ்விரண்டும் கிரான் வகையில் அடங்காமல் ஆத்பிரிவ் (உள்நுழைவு, அனுமதி தொடர்பானவை) வகையில் வருவதால், கிரானை மட்டும் வடிகட்டியவர்கள் இன்னொரு கோப்பு ஏன் பெருக்கிறது என்று குழம்புகிறார்கள்.

ஆனால், கிரான்டாப் கட்டளை மூலம் யாரேனும் கிரானின் வேலை அட்டவணையை மாற்றினால் அந்தச் செய்தியும் இதே கிரான் வகையில்தான் பதிவாகிறது. சர்வருக்குள் அத்துமீறி நுழைந்தவர்கள், மறுபடி நுழைய வழி வைத்துக்கொள்ளும் இடங்களில் அந்த அட்டவணையும் ஒன்று என்பதால், வடிகட்டி வீசும் வரிகளோடு தடயமும் போய்விடக்கூடும்.

லினக்ஸ் வெளியீடுகளில் ஒன்றான ரெட் ஹேட் முன்பே செய்துவைத்திருக்கும் ஏற்பாடு போதுமானது: பொதுச் செய்திகள் சேரும் மெசேஜஸ் கோப்புக்கான விதியில் 'கிரான்.நன்' என்று விலக்கிவிட்டு, கிரானுக்கெனத் தனிக் கோப்பு ஒதுக்கப்பட்டிருக்கிறது. பதிவுகளை விதிப்படி கோப்புகளில் எழுதும் ஆர்சிஸ்லாக் நிரல் நிறுவப்பட்ட டெபியன், உபுண்டு லினக்ஸ் சர்வர்களில் இதை நாமே எழுதிக்கொள்ளலாம். விதிகள் மேலிருந்து கீழாகச் செயல்படுவதால், பொது விதிகளுக்கு மேலே, முதலில் தனிக் கோப்பில் எழுதும் விதியும் அதன் பிறகே 'ஸ்டாப்' (அந்த வரியை அடுத்த விதிகளுக்கு அனுப்பாதே) என்பதும் வரவேண்டும்; இவ்விரண்டின் வரிசை மாறினால் கிரான் வரிகள் எதுவுமே பதிவாகாது. புதிய கோப்பை, பழைய பதிவுகளை அவ்வப்போது கழிக்கும் லாக்ரொட்டேட் அமைப்பிலும் சேர்க்காவிட்டால் பழைய தொல்லை புதிய பெயரில் தொடரும்.

டெபியனின் கிரான், இயல்பாக, வேலை தொடங்கியதை மட்டுமே எழுதுகிறது. அது தோல்வியில் முடிந்ததா என்பதைச் சொல்வதில்லை. எவற்றையெல்லாம் பதியவேண்டும் என்று கிரானுக்குச் சொல்லும் எண்ணை 5 என்று வைத்தால் தொடக்கத்தோடு தோல்வியும் பதிவாகும். எதை நீக்குவது என்று யோசிப்பதற்கு முன் இதைத்தான் செய்யவேண்டும் என்பேன்.

மேலும், 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, நிறுவனங்களும் அரசு அமைப்புகளும் தங்கள் கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாட்கள் பாதுகாக்கவேண்டும் என்கிறது. தங்கள் குறிப்பைப் படித்து அலுவலகச் சர்வர்களில் மாற்றம் செய்யக்கூடியவர்களுக்காக, இந்த விளக்கத்தையும் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சர்வர் நிர்வாகி ஒருவர்,
மதுரை.